கம்பத்தில் பன்னிரண்டு குழாய் ரத்தம்

கம்பத்துக்குப் போகிறேன் என்றதும் பெங்களூர் ஆய்வகத்தில் எல்லோரும் கேட்டது திராட்சைதான். நான் ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று நினைவூட்டினேன். "அப்படியே ரெண்டு கிலோ பன்னீர் திராட்சையும்" என்றார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவளை யாரும் முழு வேலைக்காரியாக மதிப்பதில்லை. எங்கே கிளம்பினாலும் கையில் ஒரு பையைத் திணித்துவிடுவார்கள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதம். நான் சென்னைக்காரி. மூலக்கூறு உயிரியலில் மூன்றாம் வருட ஆய்வு. நான் எடுத்துக்கொண்டது ஒரு விசித்திரமான நோய். அது உள்ளவர்கள் மற்ற நாட்களில் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். ஏதோ ஒரு விடியற்காலையில் விழித்துப் பார்த்தால் கை கால் அசையாது. சில மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல எழுந்து காப்பி கேட்பார்கள். தசைச் செல்லின் சுவரில் இருக்கும் நுண்ணிய வாசல் ஒன்று கோளாறாக அமைந்துவிடுவதுதான் காரணம். அந்த வாசலைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கம்பம் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் பலருக்கு இது இருக்கலாம் என்று மதுரை நரம்பியல் மருத்துவர் ஒருவர் என் வழிகாட்டிக்கு எழுதியிருந்தார். மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்கள் சம்மதித்து ரத்தம் கொடுத்தால் என் ஆய்வு நிமிரும். இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் தட்டும் நானும்தான். (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.)

மதுரையிலிருந்து தேனி வரை நன்றாகத்தான் வந்தேன். தேனியில் கம்பம் பஸ் ஏறியதும் தெரிந்தது, வீரபாண்டித் திருவிழா வாரத்தில் வந்து மாட்டியிருக்கிறேன் என்று. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பஸ் நிரம்பி வழிந்தது. நான் மடியில் வைத்திருந்த தெர்மோகோல் பெட்டியைப் பக்கத்து இருக்கைப் பெண்மணி வெகு நேரம் பார்த்தார்.

"என்ன தாயி, உள்ள மீனா?"

"இல்லம்மா, காலிக் குழாய். ரத்தம் எடுத்து வைக்கிறதுக்கு."

அவர் அரை அடி நகர்ந்துகொண்டார். அந்த மாதிரிக் கூட்டத்தில் அரை அடி கிடைப்பது பெரிய விஷயம். கம்பம் வரை சௌகரியமாக உட்கார்ந்து போனேன். போனேன் என்பதுகூடச் சரியில்லை. வீரபாண்டியில் ஒன்றரை மணி நேரம் பஸ் அசையவில்லை. தீச்சட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறுடன் வந்து, எங்கள் எல்லோருக்கும் பானக்கம் வாங்கிக் கொடுத்தார். சென்னையில் ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றால் கிடைப்பது வேறு.

கம்பத்தில் முதல் வேலை ஐஸ். பெட்டிக்குள் வைக்கும் ஜெல் பைகளை உறைய வைக்க ஒரு குளிர்பெட்டி வேண்டும். விடுதியில் இல்லை. எதிர்த்தாற்போல் ரோஸ்மில்க் கடை. கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரத்தத்தையும் இங்கன கொண்டாந்து வைப்பீகளா?"

"மாட்டேங்க. இந்தப் பை மட்டும்தான்."

"அப்பச் சரி. குல்பிக்குப் பக்கத்துல வேணாம். பால் பாக்கெட்டுக்கு அடியில வைக்கிறேன்."

என் ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் அவரையும் பின்னால் சேர்த்தேன். வழிகாட்டி அந்த வரியை அடித்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். முருகேசன் நாற்பது வயதுக்காரர். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் திராட்சைப் பந்தல். நல்ல உயரம், தோள்கள் கதவை அடைத்தன. இவருக்கா என் நோய் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவர் மனைவி பாண்டியம்மாள் மெலிந்தவர், பேச்சில் வேகம். எடுத்த எடுப்பிலேயே "வாங்க டாக்டரம்மா" என்றார்.

"நான் டாக்டர் இல்லக்கா. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்."

"பரீட்சை எப்ப?"

"அப்படிப் பரீட்சை எல்லாம் கிடையாது."

"பரீட்சை இல்லாத படிப்பா? எத்தன வருசமாப் படிக்கிறீக?"

"மூணு முடிஞ்சது. இன்னும் ரெண்டோ மூணோ."

பாண்டியம்மாள் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பெற்றோர்மீது ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

அந்த ஊர்த் தமிழுக்குப் பழக எனக்கு ஒரு நாள் பிடித்தது. மரியாதையாகச் சொல்லும்போது வந்தாக, போனாக என்பார்கள். 'வந்தாக' என்று யாராவது சொன்னால், அடுத்து 'வேண்டும்' வரும் என்று நான் காத்திருப்பேன். வராது.

என்னிடம் பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள் இருந்தது. ஆங்கிலத்திலிருந்து நானே தமிழாக்கியது. முதல் கேள்வியைப் படித்தேன்: "தசைத்தளர்வு நிகழ்வுகளுக்கு இடையிலான சராசரிக் கால இடைவெளி யாது?"

முருகேசன் மனைவியைப் பார்த்தார். "என்னா கேக்குறாக?"

"எத்தன நாளைக்கு ஒருக்கா படுத்துக்கிறீகன்னு கேக்குறாக" என்றவர், என்னிடம் திரும்பினார். "இதை அவுககிட்டக் கேட்டா என்ன தெரியும்? படுத்துக் கெடக்குறவக அவுக. கணக்கு வச்சிருக்கிறவ நானு."

உள்ளே போய் மாதக் காலண்டர்களை எடுத்து வந்தார். ஏழு வருடத்துக் காலண்டர்கள். படுத்துக்கொண்ட நாளில் சிவப்புப் பேனாவில் ஒரு சுழி. அதற்கு முந்தின நாள் கட்டத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒன்று: 'கல்யாணச் சாப்பாடு.' 'பரோட்டா ஆறு.' 'நாள் முச்சூடும் மண்வெட்டி, ராத்திரி கேசரி.' எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் இருந்தது.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மாவும் இனிப்பும் நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். வாசல் கோளாறாக உள்ள தசை அதோடு வேலைநிறுத்தம் செய்யும். கடும் உழைப்புக்குப் பின் ஓய்வெடுத்தாலும் அப்படித்தான். இதைப் பாடப் புத்தகத்தில் படிக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. பாண்டியம்மாள் சமையலறையில் நின்று கண்டுபிடித்திருந்தார்.

"எதுக்குக்கா எழுத ஆரம்பிச்சீங்க?"

"ஊரே சோம்பேறிங்குது. தண்ணி போட்டுட்டுக் கெடக்காகன்னு எங்க அப்பனே சொல்லிட்டாரு. நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் வஞ்சேன்." கணவரை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அப்புறந்தான் யோசிச்சேன், சோம்பேறின்னா நெதமும்ல சோம்பேறியா இருக்கணும்?"

பகல் சாப்பாட்டுக்குள் குடும்பத்தில் பதினோரு பேர் சம்மதித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் முருகேசனின் அண்ணன் கருப்பையா. அடுத்த தெருவில் வீடு. படிவத்தை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கெடையாது. தம்பிக்குத்தான்."

"இல்லாதவங்க ரத்தமும் வேணும்ணே. ஒப்பிட்டுப் பார்க்க."

"எம் மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம். நீ எங்கிட்டு எதை எழுதி வப்பியோ! ரத்தத்துல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போனா எவன் பொண்ணு எடுப்பான்?"

பெயர் வராது, எண்தான் வரும் என்றேன். எண்ணும் வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. படிவத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முருகேசன் வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்தார். சித்திரை வெயில், வெறுங்கால், மணிக்கணக்கான நடை. நான் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் வீடு திரும்பியதும் கிடாக்கறி. எனக்கும் அன்று அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை என்று பாண்டியம்மாள் முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கறிக்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோயைப் பற்றி எழுத இடம் இருக்காது. எலும்பை உறிஞ்சத் தெரியாத என்னைச் சுற்றி நான்கு பெண்கள் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். "சென்னையில எலும்பே போட மாட்டாகளா?" என்று ஒருத்தி உண்மையான கவலையுடன் கேட்டாள். பாண்டியம்மாள் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து முருகேசன் இரண்டாம் முறை சோறு வாங்கினார். மூன்றாம் முறையும் வாங்கினார். பிறகு கேசரி.

"அண்ணே, போதும்ணே" என்றேன்.

"சாமிக்குச் சட்டி எடுத்தவனுக்கு ஒண்ணும் வராது" என்று சிரித்தார்.

இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பாண்டியம்மாளைக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. மூன்று வருடம் தட்டில் பார்த்ததை ஒரு முறையாவது மனிதரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் எங்கோ இருந்தது. அதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

விடிந்தும் விடியாமலும் பாண்டியம்மாள் என் தோளைத் தொட்டார். "அவுக எந்திரிக்கல."

போய்ப் பார்த்தேன். முருகேசன் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் என்னைப் பார்த்தன. "டாக்டரம்மா" என்றார் மெல்ல. கையைத் தூக்கிப் பார்த்தேன். ஈர மணல் மூட்டை மாதிரிக் கனத்தது; விட்டதும் விழுந்தது. அந்தக் கதவளவு தோள்கள் அப்படியே கிடந்தன. நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். விழுந்த கையை எடுத்து அவர் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன்.

"மத்த நாள்னா மத்தியானம் வரைக்கும் விட்டுருவோம்" என்றார் பாண்டியம்மாள். "இன்னைக்கு மூச்சு மேல மேல வாங்குறாக. இப்படி வாங்குனதே இல்ல."

தெருமுனையில் கேரள ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஒன்று நின்றது. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை கிடையாது. உள்ளே பதினைந்து பெண்களாவது இருந்திருப்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் பாதிப் பேர் இறங்கினார்கள். இறங்காதவர்கள் முருகேசனை மடியில் குறுக்காக வாங்கிக்கொண்டார்கள். தலையை வாங்கிய அம்மாள், "ஏலே, பள்ளம் பாத்து ஓட்டுடா. எம் மடியில ஆம்பளச் சிங்கம் கெடக்கு" என்று ஓட்டுநரை அதட்டினார். அந்த நிலையிலும் முருகேசன் வெட்கப்பட்டார். முகத் தசைகள் நன்றாகவே வேலை செய்தன.

கம்பத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. இளம் மருத்துவர், திருவிழா வாரத்தில் தூங்காத கண்கள். நாடி பார்த்தார். "வெயில்ல சட்டி எடுத்திருக்காரு. டயர்டு. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிடும்."

"குளுக்கோஸ் வேண்டாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீங்க?"

"இந்த நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். பொட்டாசியம் குறைஞ்சிருக்கும். குளுக்கோஸ் ஏத்தினா இன்னும் குறையும்."

"எம்.பி.பி.எஸ்ஸா?"

"இல்லை."

"அப்ப ஒதுங்குங்க, ப்ளீஸ்."

நர்ஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ள மூன்று வருடப் படிப்பு இருந்தது. காட்ட ஒரு சீட்டு இல்லை. பாண்டியம்மாள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கிளம்பும்போதே காலண்டர்களைச் சுருட்டி இடுப்பில் சொருகி வந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. மேஜைமேல் விரித்தார்.

"சார், இந்தா பாருங்க. மொதத் தடவ உத்தமபாளையத்துல குளுக்கோஸ் ஏத்துனாக. நாலு மணி நேரத்துல எந்திரிக்கிறவக மறுநாத்தான் எந்திரிச்சாக. ரெண்டாந் தடவ சின்னமனூர்ல. அதே கத. ஏத்தாத நாளெல்லாம் இந்தா இருக்கு, மத்தியானமே எந்திரிச்சிருக்காக. இவுக சொல்றதக் கேக்க வேணாம், படிக்கிற பிள்ள. இதப் பாருங்க."

மருத்துவர் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். நர்ஸை நோக்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். "பொட்டாசியம் பாக்க ரத்தம் எடுத்து அனுப்புங்க. இ.சி.ஜி. எடுங்க." பிறகு என்னிடம், "உங்க மதுரை டாக்டர் நம்பர் இருக்கா?" என்றார்.

இருந்தது. இருவரும் போனில் பேசினார்கள். பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் நான் பயந்ததைவிடக் குறைவு. இதயத்தின் கோடுகளும் அதையே சொல்லின. அதன்பின் அவர் மிகச் சரியாக நடந்துகொண்டார். பொட்டாசிய மருந்தைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சைக் கவனித்தார். பத்தரை மணிக்கு முருகேசனின் வலது சுண்டுவிரல் அசைந்தது. பாண்டியம்மாள் மருத்துவரிடம் சிவப்புப் பேனா கேட்டார்.

நான் வெளியே போய் ஒரு டீ குடித்தேன். ஏலக்காய் போட்ட நல்ல டீ. பாண்டியம்மாளுக்கும் ஒன்று வாங்கிப் போனேன்.

அன்று சாயங்காலம் முருகேசனிடம் போய், நேற்றே தடுக்காதது தப்பு என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. "நீங்கதான் போதும்னீகளே" என்றார். பாண்டியம்மாளுக்குப் புரிந்தது. "அடுத்த தடவ என்னையக் கூப்புடுங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் இன்று வரை மறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கம்பத்து ரத்தப் பரிசோதனைக்காரர் ஸ்டீபன் மொபெட்டில் வந்து பதினோரு பேரிடமும் ரத்தம் எடுத்தார். எல்லோருடைய நரம்பையும் புகழ்ந்தார். ரோஸ்மில்க் கடையில் ஜெல் பைகளை வாங்கி, குழாய்களை அடுக்கி, பகல் பஸ் ஏறினேன். பாண்டியம்மாள் ஒரு தார் வாழைப்பழமும், என் ஆய்வகத்துக்கென்று திராட்சையும் ஏற்றிவிட்டார்.

பஸ் புறப்படும்போது கருப்பையா ஓடி வந்து ஏறி, என் முன் இருக்கையில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தேனியில் நான் இறங்கியதும் இறங்கினார். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"எடு."

"அண்ணே, எனக்கு எடுக்கத் தெரியாதுண்ணே."

"தெரியாதா? பெறகு எதுக்கு இம்புட்டுப் பெட்டி?"

பக்கத்துச் சந்தில் ஒரு பரிசோதனை நிலையம் இருந்தது. ஊசி குத்தும்போது சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் வருது. இருவது வருசமா. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. விசேசம்னா அன்னைக்கு ராத்திரி தோட்டத்துக் காவலுக்குப் போறேன்னு போயிருவேன். அங்கன கெடந்து, கால் வந்த பெறகு வீட்டுக்கு வருவேன். நேத்து அவன ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டு போனப்ப நெனச்சேன்... தோட்டத்துல எனக்கு மூச்சு வாங்குனா யாரு இருக்கா?"

பஞ்சை அழுத்திக்கொண்டு கேட்டார். "எம் மகளுக்கு வருமா?"

"பாதிக்குப் பாதிண்ணே. பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் லேசாத்தான் வரும். வராமலும் போகலாம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்றது நல்லதா, பின்னாடி தெரியுறது நல்லதா?"

"அது என் படிப்புல இல்லண்ணே."

"மூணு வருசம் படிச்சும் இல்லையா?" என்றார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கம்பம் பஸ்ஸை நோக்கி நடந்தார்.

பெங்களூரில் திராட்சை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. ரத்தம் ஐந்து மாதம் எடுத்தது. ஒரே ஓர் எழுத்து. மரபணுவில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அண்ணன் தம்பி இருவருக்கும் அதே இடத்தில்; மற்ற பத்துப் பேருக்கு இல்லை. மதுரை மருத்துவர் இருவரையும் வரவழைத்து, தனியாக ஒரு முறை சோதித்து உறுதி செய்து, மருந்தும் பத்தியமும் எழுதிக் கொடுத்தார்.

கருப்பையா மனைவியிடம் சொன்னார். மகளிடமும் சொன்னார். பிறகு, பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அவரே சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இதைப் பாண்டியம்மாள் போனில் சொன்னார். "பெரியவக ஒங்கள ஒரு வார்த்த சொல்லல" என்றார். அது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் வேறோர் இடம் வந்தது, போடியிலிருந்து. அங்கேயும் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல மூணு பேருக்குச் சர்க்கர. பொண்ணு பாக்க வந்தப்ப நாங்க அதச் சொன்னமா? விடுங்க" என்றாராம். கருப்பையாவின் மகள் மட்டும் ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டாள். நோய் வந்தால் பாண்டியம்மாள் சித்தியிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றாளாம். அதுவும் அவளுடைய உரிமைதான். என் சம்மதப் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இந்த முறை பெட்டி இல்லை என்பதால் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மண்டபத்தில் இன்னும் பரீட்சை வரவில்லையா என்று பாண்டியம்மாள் விசாரித்தார். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர் என்று பரிமாறுகிறவர் தனி மரியாதையுடன் பாயச வாளியைச் சாய்த்தார். எங்கிருந்தோ வந்த கருப்பையாவின் மனைவி குனிந்து இலைமேல் கையை வைத்து மறைத்தார்.

"அவுகளுக்குப் போதும்."

கருப்பையா தலையை நிமிர்த்தி யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ரசம் கேட்டார்.